22-இலேயே நிற்கிற வைஃபை

அன்புள்ள முருகேசா,

உன் மெயில் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். சொட்டு மருந்தை மட்டும் அவர்கள் பொறுப்பில் விட்டுவிடாதே. "இப்பத்தானே விட்டேன்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். எங்கள் அப்பா அப்படித்தான் செய்தார். இங்கே கோவையில் எல்லோரும் சுகம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு என்பதால் வீட்டில் டிவிக்கு ஊரடங்கு. நான் கம்பெனி மாறுவதாகச் சொல்லியிருந்தேனே, இந்த வருஷம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். காரணத்தை நேரில் சொல்கிறேன், மெயிலில் எழுதுகிற சமாச்சாரம் இல்லை.

இனி உன் ரவுட்டர் புராணம். உன் டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 ரவுட்டரில் கம்பெனி ஃபர்ம்வேரை (உள்ளே ஓடுகிற மென்பொருளை) எடுத்துவிட்டு ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த ஃபர்ம்வேரைப் போட்டாய், 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினாய், வைஃபையில் 22-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது, பழைய ஃபர்ம்வேருக்கே திரும்பிவிடலாமா என்று கேட்கிறாய். வேண்டாம் மாப்ள. நீ அனுப்பிய இரண்டு ஸ்கிரீன்ஷாட்டிலேயே பாதி விடை இருக்கிறது.

"ஹாலில் உட்கார்ந்தாலும் 22, மாடியில் உட்கார்ந்தாலும் 22" என்று எழுதியிருக்கிறாய் பார், எனக்கு அந்த ஒரு வரி போதும். சிக்னல் கோளாறு இப்படி ஒரே எண்ணில் நிற்காது. ரவுட்டர் பக்கத்தில் 200 காட்டும், இரண்டு சுவர் தாண்டினால் 80, கதவைச் சாத்தினால் 40 என்று தள்ளாடும். அசையாமல் நிற்கிறது என்றால் எங்கேயோ ஒரு வரம்பில் போய் முட்டுகிறது என்று அர்த்தம். எந்த வரம்பு என்பதை அந்த எண்ணே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் படத்தை மறுபடி திற. லூசி, அதாவது ஓப்பன்டபிள்யூஆர்டியின் செட்டிங் பக்கத்தின் அடியில், இணைந்திருக்கிற சாதனங்களின் பட்டியல். உன் லேப்டாப் வரிசையில் சிக்னல் மைனஸ் 48 டிபிஎம். அருமையான சிக்னல், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு வலப்பக்கம் பார்: 54.0 எம்பிட், 20 மெகாஹெர்ட்ஸ். அவ்வளவுதான் இருக்கிறது. 802.11என் அல்லது 802.11ஏசி என்ற வேகமான வைஃபை முறையில் பேசினால் அந்த இடத்தில் (என்-க்கு ஹெச்டி, ஏசி-க்கு விஹெச்டி என்று) ஏதாவது ஓர் அடையாளம் சேர்ந்து வரும். உன்னுடையதில் அது இல்லை. 54 என்பது 1999-இல் வந்த 802.11ஏ-வுக்கும் 2003-இல் வந்த ஜி-க்கும் உச்ச வேகம். ஏசி தெரிந்த ரவுட்டரும் ஏசி தெரிந்த லேப்டாப்பும் 5 கிகாஹெர்ட்ஸில் உட்கார்ந்துகொண்டு கால் நூற்றாண்டு பழைய முறையில் பேசிக்கொண்டிருக்கின்றன. அந்த 54-இலும் பாதிக்கு மேல் இடைவெளிக்கும் ஒப்புகைக்கும் போய்விடும். கையில் கிடைப்பது 22, 25. உன் கணக்கு சரியாகப் பொருந்துகிறது.

ஏன் அப்படி ஆனது என்பது இரண்டாவது படத்தில் இருக்கிறது. வைஃபை செக்யூரிட்டி பக்கத்தில் சைஃபர், அதாவது தகவலைப் பூட்டும் முறை என்ற இடத்தில் டிகேஐபி என்ற பழைய முறையைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறாய். 802.11என் தரநிலையே டிகேஐபி-யோடும் அதைவிடப் பழைய வெப்-போடும் வேகமான முறையில் பேசக் கூடாது என்று சொல்கிறது. ரவுட்டருக்குள் ஆக்சஸ் பாயின்ட்டை ஓட்டுகிற ஹோஸ்ட்ஏபிடி புரோகிராம் டிகேஐபி மட்டும் இருப்பதைப் பார்த்தால் என்-ஐயும் ஏசி-யையும் அணைத்துவிட்டு வேலையைத் தொடங்கிவிடும். சிஸ்டம் லாகில் அதைச் சொல்லத்தான் செய்கிறது, ஒரே ஒரு வரியில். அந்த வரியை யார் படிக்கிறார்கள்?

பிரின்டர் சேரவில்லை என்பதற்காக அதை மாற்றினேன் என்கிறாய். பிரின்டர் மேல் எனக்கு வேறு சந்தேகம். 2006 மார்ச் முதல் வைஃபை சான்றிதழ் வாங்க டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறை கட்டாயம். அதோடு ஏஇஎஸ் என்ற வலுவான பூட்டு முறையும் வந்துவிடும். உன் பிரின்டர் அதற்கெல்லாம் ரொம்பப் பிந்தியது, ஏஇஎஸ் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. அது முரண்டு பிடித்தது டபிள்யூபிஏ2, அதற்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறையைப் பார்த்துத்தான் இருக்கும். அந்த வயதுப் பிரின்டர்களுக்கு அந்தக் கலவை ஆகாது. ஆகவே வீட்டுக்கான வைஃபை பெயரின் சைஃபரை மறுபடியும் சிசிஎம்பி-க்கு, அதாவது ஏஇஎஸ்-ஸுக்கு மாற்றிவிடு. பிரின்டருக்கென்று 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இன்னொரு வைஃபை பெயர் திற: வெறும் டபிள்யூபிஏ2, சிசிஎம்பி, 802.11டபிள்யூ என்ற கூடுதல் பாதுகாப்பு அணைத்தபடி. அதையும் அதே லேன் நெட்வொர்க்கில் சேர்த்துவிட்டால் லேப்டாப்பிலிருந்து எப்போதும்போல் பிரின்ட் போகும். அப்படியே டபிள்யூஎம்எம் என்ற முன்னுரிமை வசதிக்கு டிக் போட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடு. கேம் வேகமாகும் என்று யாரோ சொன்னார்கள் என்று அதை அணைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதை அணைத்தாலும் இதே 54-தான்.

இதைச் செய்ததும் உன் லேப்டாப் வரிசையில் 866.7 என்றோ அதை ஒட்டியோ, 80 மெகாஹெர்ட்ஸ் என்றும் விஹெச்டி என்றும் வர வேண்டும். இரண்டு ஆன்டெனா உள்ள லேப்டாப்புக்கு ஏசி-யில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அதுதான் உச்சம். நிஜத்தில் கிடைப்பது அதில் பாதியை ஒட்டி இருக்கும், அதற்காகக் கவலைப்படாதே. உன் பிளானுக்கு அது தாராளம்.

ஆனால் அதோடு 300 வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த வரம்பு காத்திருக்கும். வேகம் 94, 95-இல் போய் நின்றால் வைஃபையைத் தொடாதே, கேபிளைப் பார். கிகாபிட் ஓட நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும்; ஒரு ஜோடி அறுந்தாலோ முனையில் கிரிம்ப் (பின்னோடு சேர்த்து அழுத்துவது) சரியாக இல்லாவிட்டாலோ போர்ட் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும், அதற்கு இரண்டு ஜோடி போதும். ஃபைபர் பெட்டிக்கும் உன் ரவுட்டருக்கும் நடுவில் இருக்கிற அந்தக் குட்டி வயரைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். இணைப்பு கொடுக்க வந்தவர் பையிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டுப் போனது என்று நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய்.

இந்த இரண்டு வரம்புக்கும் மேலே போய் 150-லோ 200-லோ மூச்சுத் திணறினால் ரவுட்டரின் சிபியுதான் காரணம். சி7-இல் இருப்பது உன் வெர்ஷனைப் பொறுத்து 700-சொச்சம் மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஒற்றைக் கோர். கம்பெனி ஃபர்ம்வேரில் வீட்டு முகவரியை வெளி முகவரியாக மாற்றுகிற நாட் வேலையை சிப்புக்குள் ஒரு தனிப் பகுதி பார்த்துக்கொள்ளும். ஓப்பன்டபிள்யூஆர்டியில் இந்தச் சிப்புக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது, ஒவ்வொரு பாக்கெட்டும் சிபியு கையைத் தொட்டுத்தான் போக வேண்டும். இணைப்புக்கு பிபிபிஓஇ என்ற யூசர்நேம்-பாஸ்வேர்ட் லாகின் இருந்தால் இன்னும் சுமை. 'ஃபர்ம்வேர் மாற்றினேன், வேகம் போச்சு' என்று புலம்புகிறவர்களில் நிறையப் பேருக்கு நடப்பது இதுதான். திறந்த ஃபர்ம்வேர் சோம்பேறி என்று பெயர் வாங்கியது இதனால்தான், நியாயமில்லாத பெயர்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். எஸ்எஸ்ஹெச்சில் (கமாண்ட் அடிக்கிற வழியில்) ரவுட்டருக்குள் போய், சிபியு சுமையைக் காட்டுகிற டாப் கமாண்டை ஓடவிட்டு, பக்கத்தில் ஸ்பீட் டெஸ்ட் போடு. மேல் வரியில் ஐடில் (சும்மா இருக்கிற நேரம்) பூஜ்யத்துக்கு இறங்கி, பாக்கெட் வேலையைக் காட்டுகிற சாஃப்ட் ஐஆர்க்யூ பங்கு எகிறினால் ரவுட்டர் தள்ளாடுகிறது என்று தெரிந்துகொள். ஃபயர்வால் பக்கத்தில் சாஃப்ட்வேர் ஃப்ளோ ஆஃப்லோடிங் என்று ஒரு டிக் இருக்கும், அதைப் போடு. ஏற்கெனவே அனுமதி வாங்கிய இணைப்புகளை முழுச் சோதனை இல்லாமல் தள்ளிவிடும், வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதற்குக் கீழே இருக்கிற ஹார்ட்வேர் ஆஃப்லோடிங் மீடியாடெக்கின் எம்டி7621 மாதிரியான சிப்புகளுக்கு. உனக்கு அதனால் பயன் இல்லை.

அளக்கும்போது ஒரு விஷயம். வேகம் அளக்கிற ஐபெர்ஃப் புரோகிராமை ரவுட்டர் மேலேயே ஓடவிடாதே. பாக்கெட்டை உண்டாக்குகிற வேலையும் அதே சிபியு தலையில் விழும், வைஃபை மோசம் என்று பொய்யான விடை வரும். உன் பழைய டெஸ்க்டாப்பை லேன் போர்ட்டில் செருகி அதில் சர்வரை ஓடவிடு, லேப்டாப்பை ரவுட்டரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைத்து வைஃபையில் சோதி. இன்டர்நெட்டே இதற்குள் வராது, காற்றின் வேகம் மட்டும் தனியாகத் தெரியும். அப்புறம் லேப்டாப்பில் வயர் செருகி ஸ்பீட் டெஸ்ட் போட்டால் ரவுட்டரின் வேகம் தனியாகத் தெரியும். இரண்டும் கையில் இல்லாமல் செட்டிங்கை மாற்றுவது வெறும் ஜோசியம்.

நாட்டுக் குறியீட்டை இந்தியா என்று வைத்தாயா? படத்தில் அந்த இடம் காலியாகத் தெரிகிறது. காலியாக விட்டால் எல்லா நாட்டுக்கும் பொதுவான மிகக் கறாரான விதி வந்து உட்கார்ந்துகொள்ளும், 5 கிகாஹெர்ட்ஸில் பல சேனல்கள் கிடைக்காது. நம் ஊரில் 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் சேனல் 36-இல் குவிந்து கிடந்தால் நீ 149-க்குப் போய்விடு. நடுவில் 52 முதல் 144 வரை இருப்பவை ரேடாருக்கு வழிவிட வேண்டியவை. ஆன் செய்ததும் குறைந்தது ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கும். 'வைஃபை ஆன் ஆகவே மாட்டேங்குது' என்று பதறி ரீசெட் பட்டனை அழுத்திவிடாதே.

டிரான்ஸ்மிட் பவரைக் கூட்டலாமா என்று கேட்டிருந்தாய். பிரயோஜனம் இல்லை. ரவுட்டர் கத்தினால் போனுக்குக் கேட்கும், போன் பதில் சொல்வது ரவுட்டருக்குக் கேட்க வேண்டாமா? அதைவிட ரவுட்டரை அந்த இரும்பு பீரோ மேலிருந்து இறக்கு.

மாடி அறையில் உன் மாமனாரின் பழைய போன் இருக்கிறதே, அதையும் மறக்காதே. காற்று எல்லோருக்கும் பொது. 1500 பைட் பாக்கெட் ஒன்று 6 எம்பிபிஎஸ்ஸில் போக 2 மில்லி செகண்ட் ஆகும்; அதே பாக்கெட் 866-இல் போக, முன்பின் சடங்குகளைக் கழித்தால், 14 மைக்ரோ செகண்ட். இருவருக்கும் ஆளுக்கு ஒரு பாக்கெட் என்று முறைவைத்தால் வேகமானவன் நாள் முழுக்க மெதுவானவனுக்காகக் காத்துக் கிடக்க வேண்டியதுதான். பாக்கெட்டை எண்ணாமல் காற்றில் எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பங்கு பிரிக்க வேண்டும் என்று ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் இருந்த டோக்கெ ஹொய்லண்ட்-யோர்கென்சனும் கூட்டாளிகளும் 2017-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். டேவ் டாட் அதில் ஒருவர். ஏத்9கே என்ற லினக்ஸ் வைஃபை டிரைவரில் அதைச் செய்தும் காட்டினார்கள், பிறகு மற்ற டிரைவர்களுக்கும் பரவியது. வேகம் என்று எல்லோரும் ஒற்றை எண்ணைத் துரத்திக்கொண்டிருந்தபோது, தாமதம்தான் ஆளைக் கொல்கிறது என்று வருஷக்கணக்காகத் தொண்டை வற்றக் கத்தியவர் டேவ். 2025 ஏப்ரலில் இறந்துவிட்டார். உன் ரவுட்டரில் எஸ்க்யூஎம் பக்கத்தில், தாமதத்தைக் குறைக்கப் பாக்கெட்டுகளை வரிசைப்படுத்துகிற கேக் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறாய் அல்லவா, அந்தக் கூட்டத்தின் உழைப்புதான்.

கேக்கை ஆன் செய்தால் சி7-இன் சிபியு 300-ஐத் தொடாது, இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அளந்து பார்க்கும் வரை அதை அணைத்து வை, ஆஃப்லோடிங்கும் அதுவும் சேர்ந்து ஒழுங்காக ஓடாது. எல்லாம் சரியான பிறகு நீ முடிவு செய். என்னைக் கேட்டால், பையன் பெரிய ஃபைலை இறக்கும்போதும் உன் ஆபீஸ் வீடியோ கால் அறுபடாமல் இருந்தால் வேகம் 130-ஆக இருந்தாலும் போதும். ஸ்பீட் டெஸ்டில் 300 பார்த்து நீ யாருக்குக் காட்டப் போகிறாய்?

காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் புது ரவுட்டர். மீடியாடெக்கின் ஃபிலாஜிக் வரிசைச் சிப் உள்ளதாகப் பார். 2024 கடைசியில் ஓப்பன்டபிள்யூஆர்டி குழுவே பனானா பை என்ற போர்டு தயாரிப்பாளரோடு சேர்ந்து ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் என்று ஒரு ரவுட்டரை இறக்கியது, அதிலும் அந்த வரிசைச் சிப்தான். பிராட்காம் கம்பெனியின் வைஃபை சிப் உள்ளதைத் தொடாதே. விலை மலிவாகத்தான் கிடைக்கும், திறந்த டிரைவர் சரியாக இருக்காது. 2003-இல் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் சோர்ஸ் கோடு வெளியே வந்து இந்தத் திட்டமே பிறந்ததும் ஒரு பிராட்காம் பெட்டியிலிருந்துதான் என்பது தனிக் கூத்து.

கடைக்குப் போனால் மாடல் பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடாதே. ஒரே பெயரில் வி1, வி2, வி3 என்று உள்ளே வேறு வேறு சிப் வைத்து விற்பார்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, பார்த்துச் சொன்ன பிறகு காசைக் கொடு. அதற்கு முன் சைஃபரை மாற்றிவிட்டு, அந்த லேப்டாப் வரிசையின் புது ஸ்கிரீன்ஷாட்டும் டாப் வரியும் வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் என்றால் போனிலேயே கூப்பிடு, சேர்ந்தே பார்த்துவிடலாம்.

அன்புடன்,
சங்கர்