லத்தியைக் காட்டும் கேமரா ரிமாண்ட் தாளையும் காட்டட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

லாக்கப் கொடுமைகளைப் பேசும் படங்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, ‘விசாரணை’, ‘ஜெய் பீம்’ இரண்டையும் அடி விழும் காட்சிகளை வைத்தே எடைபோட்டிருந்தது. எந்தப் படத்தில் அடி அதிகம், எதைப் பார்க்கையில் நெஞ்சு பதறியது என்ற கணக்கில் கட்டுரை முடிந்துவிட்டது. ஏன் அடிக்கிறார்கள், அடித்த பிறகு அது எந்தெந்தக் கையெழுத்துகளின் கீழ் மறைகிறது என்பதை ஒரு படம் காட்டுகிறதா என்று கேட்டிருந்தால் மதிப்பீடே வேறாக இருந்திருக்கும்.

முதலில் காரணத்தைச் சொல்கிறேன். ‘ஜெய் பீம்’ படத்துக்கு அடிப்படையான 1993 கம்மாபுரம் வழக்கு ஒரு நகைத் திருட்டுப் புகாரில் தொடங்கியது. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அடிபட்டு இறந்ததும் நகை காணவில்லை என்ற புகாரில்தான். ‘விசாரணை’யில் குண்டூர் ஸ்டேஷனில் தொங்கவிடப்படும் தமிழ்த் தொழிலாளர்கள்மீது சுமத்தப்படுவதும் ஒரு வீட்டுத் திருட்டு. இது தற்செயல் இல்லை. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே, 25ஆம் பிரிவில், சொல்லிவிட்டது. ஆனால் 27ஆம் பிரிவு ஒரு சிறு வாசலைத் திறந்து வைத்தது: கைதானவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்கு வழிகாட்டிய வார்த்தைகள் மட்டும் செல்லும். இன்றைய பாரதிய சாட்சிய அதினியத்தில் இரண்டும் 23ஆம் பிரிவுக்குள் இருக்கின்றன. ஸ்டேஷன் மொழியில் இதற்குப் பெயர் ‘ரெக்கவரி’. அந்தச் சிறு வாசல் வழியாகத்தான் லத்தி உள்ளே வருகிறது. பொருள் கிடைத்தால் வழக்கு நிற்கும், மேலதிகாரியின் நெருக்கடி தீரும், புகார் கொடுத்த பெரிய மனிதரும் திருப்தியடைவார். திருடாதவரை அடித்தாலும் ரெக்கவரி வரும். வலி தாங்காமல் ஏதோ ஒரு அடகுக் கடையைக் கைகாட்டுவார். வம்பு வேண்டாமென்று கடைக்காரர் அந்த எடைக்குத் தங்கத்தை எடுத்து வைப்பார். பொருளைக் கைப்பற்றியதாக எழுதும் மகஜரில் இரண்டு சாட்சிக் கையெழுத்து விழும்.

நம் படங்களில் அடிப்பவர் பெரும்பாலும் ஒரு கொடூரமான இன்ஸ்பெக்டர். அவர் ஒழிந்தால் அந்த ஸ்டேஷன் நல்லதாகிவிடும் என்று பார்வையாளர் நம்பி வெளியே வருகிறார். இதற்கு நேரெதிரான போலீஸ் நாயகப் படங்களோ இன்னும் பெரிய பொய்யைச் சொல்கின்றன. அங்கே அடிபடுகிறவன் எப்போதும் உண்மையான குற்றவாளி. நாலு அடியில் உண்மை வரும். அந்த உண்மை ஒருமுறைகூடத் தவறாக இருக்காது. அடிக்குப் பயந்து பொய் சொன்ன ஒரே ஒரு ஆளையாவது அந்தப் படங்களில் காட்டியிருக்கிறார்களா? ஒரே ரசிகர் ‘ஜெய் பீம்’ பார்த்து அழுதுவிட்டு, அடுத்த வாரம் இன்னொரு படத்தின் விசாரணைக் காட்சிக்குக் கைதட்டுவதில் வியப்பில்லை.

அடுத்தது காயம். ஒப்பனைக் கலைஞர்கள் உதட்டோரத்தில் ரத்தமும் புருவத்தில் ஒரு வெட்டும் வைத்தால் அடிபட்ட முகம் தயார். உண்மையில் பழகிய கை முகத்தைத் தொடாது. உள்ளங்கால், பின்பக்கம், தொடை என்று துணி மறைக்கிற இடங்களில்தான் அடி விழும். உருண்டைத் தடி வேகமாக விழுந்த இடத்தில் இரண்டு இணைகோடுகளாகக் கன்றியிருக்கும். நடுவே தோல் வெளிறியிருக்கும். தண்டவாளத்தை மேலிருந்து பார்ப்பதுபோலத் தெரியும். கருத்த தோலில் இது சட்டென்று கண்ணுக்குப் படாது, விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஆழமான கன்றல் மேலே தெரியவே ஒன்றிரண்டு நாள் ஆகலாம்.

படத்தில் அடி விழும்போதே உயிர் போய்விடும். லாக்கப் சாவுகளில் பல அப்படி நடப்பதில்லை. பின்பக்கத்திலும் தொடையிலும் திரும்பத் திரும்ப அடித்தால் தசை நசுங்குகிறது. அதிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்துக்கு மாறும், அளவு குறையும், ஆள் சோர்ந்து படுப்பார். அதற்குள் அவர் ஸ்டேஷனைவிட்டு சிறைக்குப் போயிருப்பார். பிறகு ‘நெஞ்சுவலி’ என்று ஒரு செய்தி வரும். சிறுநீரின் நிறத்தைக் கேட்கும் ஒரு மருத்துவர் அந்த உயிரைக் காப்பாற்றியிருக்கலாம். இந்தக் காட்சியை எந்தத் திரைக்கதையிலும் காணோம்.

கைதானவரை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்பது சட்டம்; பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53ஆம் பிரிவு. காயங்களையும் அவை உத்தேசமாக எப்போது ஏற்பட்டவை என்பதையும் எழுதி, அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் குறிப்பிடும் ஆளுக்கோ தர வேண்டும். காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதனை என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் உத்தரவிட்டது. கன்றல் தாமதமாக மேலெழும்பும் என்பதை நினைத்தால், இரண்டாவது பரிசோதனையின் அருமை புரியும். நடைமுறை எங்கே சறுக்குகிறது? இரவு நேரம், அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு, பக்கத்திலேயே அழைத்து வந்த காவலர். சட்டையைக் கழற்றச் சொல்வதில்லை, லுங்கியை விலக்கிப் பார்ப்பதில்லை. ‘எங்கேயாவது வலிக்கிறதா?’ என்று கேட்டால், திரும்ப அதே ஜீப்பில் ஏற வேண்டியவர் என்ன பதில் சொல்வார்? ‘இல்லை’ என்கிறார். சீட்டில் ரிமாண்டுக்கு, அதாவது மாஜிஸ்திரேட் உத்தரவில் காவலில் வைக்க, தகுதியானவர் என்று ஒரு வரி விழுகிறது. வசனமே இல்லாமல் எடுக்கக்கூடிய காட்சி இது.

நேரத்தையும் சொல்லியாக வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி. பிடித்த நேரத்துக்கும் கைதுக் குறிப்பில் எழுதுகிற நேரத்துக்கும் நடுவில்தான் எல்லாமே நடக்கிறது. கைதுக் குறிப்பில் நேரமும் தேதியும் இருக்க வேண்டும். குடும்பத்தினர் ஒருவரோ உள்ளூர்ப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருகாலத்தில், ஆளைத் தூக்கிப்போன அன்றே வீட்டார் மாஜிஸ்திரேட்டுக்கும் எஸ்.பி.க்கும் தந்தி கொடுப்பார்கள். தபால் நிலைய முத்திரையில் இருக்கும் மணியும் தேதியும் பின்னாளில் நீதிமன்றத்தில் பேசும். 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றபோது, ஏழைகளின் கையிலிருந்த ஒரு சாட்சியும் போனது. 1990களை வைத்துப் படமெடுப்பவர்கள் அந்தத் தந்தி ரசீதைக் காட்டலாமே.

இந்த இடத்தில் ‘விசாரணை’யை மனதாரப் பாராட்ட வேண்டும். அதன் ஆகச் சிறந்த காட்சி குண்டூர் நீதிமன்றத்தில் நடக்கிறது. தெலுங்கு தெரியாத அந்த இளைஞர்கள் தமிழில் கதற, அங்கே வேறு வேலையாக வந்திருந்த தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் ஒருவர் மொழிபெயர்க்கிறார். நீதிபதி காது கொடுக்கிறார், கதவு திறக்கிறது. கைதானவரை நேராகப் பார்த்து, அவர் பேசுவதைக் கேட்பதுதான் ரிமாண்டின் முழுப் பொருளும். முதன்முறை ஆளை நேரில் நிறுத்தாமல் காவலுக்கு அனுப்பக் கூடாது என்று சட்டம் சொல்வது அதற்காகவே. ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் கைது தேவைதானா என்று மாஜிஸ்திரேட் மனம் செலுத்திப் பார்க்க வேண்டும் என 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. சாத்தான்குளத்தில் 2020 ஜூன் 19 அன்று பிடிபட்ட தந்தையும் மகனும் மறுநாள் ரிமாண்ட் செய்யப்பட்டு, கோவில்பட்டிக் கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார், 23ஆம் தேதி தந்தை. ஸ்டேஷனிலிருந்து சிறைவரை எத்தனை மேசைகளை அவர்கள் கடந்து போயிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அதே வழக்கில், விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்குத் தெரிவித்த விஷயம் ஒன்று போதும், ஒரு முழு அத்தியாயம் எழுத. ஸ்டேஷன் சி.சி.டி.வி.யின் ஹார்ட் டிஸ்கில் 1 டெராபைட் இடம் இருந்தும், பதிவுகள் அன்றன்றே தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. நம் வெப் தொடர்களில் யாராவது நள்ளிரவில் சுவரேறி ஹார்ட் டிஸ்கைத் திருடுகிறார்கள். திருட வேண்டிய அவசியமே இல்லை, மெனுவில் ஒரு தேர்வை மாற்றினால் போதும். அந்த டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒலியோடும் இரவுப் பார்வையோடும் எல்லா ஸ்டேஷன்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அது இயலாவிட்டால் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றது. மடப்புரத்தில் அடித்ததோ ஸ்டேஷனுக்கு வெளியே. கேமரா வந்த பிறகு அடி இடம் மாறுகிறது என்பதையும் கதாசிரியர்கள் கவனிக்க வேண்டும்.

அந்தப் புதிய சன்ஹிதா நடைமுறைக்கு வந்த 2024 ஜூலைக்குப் பிந்தைய கதையென்றால் இன்னொன்றையும் தெரிந்துகொண்டு எழுதுங்கள். முன்பு போலீஸ் காவல் முதல் 15 நாளுக்குள் முடிந்தாக வேண்டும். இப்போது அந்த 15 நாளை, குற்றத்தைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாள்களுக்குள் பிரித்துப் பிரித்துக் கேட்கலாம். சிறைக்குப் போய்விட்டோம், இனி அடி இல்லை என்று மூச்சுவிட்டவரைத் திரும்ப ஸ்டேஷனுக்குக் கொண்டுவர இதில் வழி இருக்கிறது.

‘ரைட்டர்’ படத்துக்கு உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது வருத்தம். எழுத்து வேலை பார்க்கும் ஒரு காவலரை நடுவில் வைத்து, சட்டவிரோதக் காவல் எப்படிக் காகிதத்தில் ஒழுங்காக்கப்படுகிறது என்று காட்டிய படம் அது. காவலர் பயிற்சிப் பள்ளியிலேயே மனிதர்களை எப்படி நசுக்குகிறார்கள் என்று சொன்ன ‘டாணாக்காரன்’ படத்தையும் சேர்த்துப் பேசியிருக்கலாம். தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே லாக்கப் என்பது மாமியார் மருமகளைத் தள்ளிவிட ஒரு அறை, அவ்வளவுதான்.

தயாரிப்பாளர்களும் ஓ.டி.டி. நிறுவனங்களும் நாளைக்கே செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. திரையில் ஒருவர் சிகரெட் பற்றவைத்தால் கீழே எச்சரிக்கை வரி ஓடுகிறது. ஒரு மனிதரைத் தலைகீழாகக் கட்டி அடிக்கும்போது எதுவும் ஓடுவதில்லை. ‘போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. கைதானவருக்கு வழக்கறிஞரைப் பார்க்கவும், மருத்துவ அறிக்கையின் நகலைப் பெறவும் உரிமை உண்டு. இலவசச் சட்ட உதவிக்கு 15100’ என்று அந்தக் காட்சியின் கீழே ஓடவிடுங்கள். நாயகன் அடிக்கும் காட்சியானாலும் ஓடவிடுங்கள். உங்கள் இதழ் இதை ஒரு கோரிக்கையாகவே எடுத்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்கறிஞர் ஒருவர்,
மதுரை.