டீசலில் தண்ணீர் என்கிறார்கள்

பத்தாங் பெர்ஜுந்தை
ஆகஸ்ட் 3

அன்புள்ள சேகர்,

நலமா? முட்டியில் ஊசி போட்ட பிறகு படி ஏற முடிகிறதா? உன் மகன் போன் பேசும்போது "அப்பா இப்போது பாசார் மாலாம் ராத்திரிச் சந்தைக்கு நடந்தே போகிறார்" என்றானாம். என் வீட்டுக்காரி அதைச் சொல்லிச் சொல்லி என்னையும் நடக்கச் சொல்கிறாள். நடக்காமல் என்ன, என் பிக்கப் வண்டிதான் மூன்று மாதமாக நடக்கவே இல்லையே.

உன்னிடம் ஒரு காரியம் ஆகவேண்டும். அதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன், கதையை ஆரம்பித்தால் மறந்துவிடுவேன். பிப்ரவரியில் சித்தியவான் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, சிகிஞ்சான் வயல்பக்கம் வண்டியில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நீதான் முதலில் பார்த்தாய். "என்னடா இது, புனல் மாதிரி ஒன்று எரியுது" என்றாய். டீசல் ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்தால் எரிகிற விளக்காம் அது. குளுவாங் போய்ச் சேர்ந்து இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் "விளக்கைக் காட்டினாயா" என்று கேட்டாய். "காட்டிவிட்டேன், சென்சார் கோளாறாம், ரீசெட் பண்ணிக் கொடுத்துவிட்டார்கள்" என்று நானும் பதில் போட்டேன். என் போன் வாய்க்காலில் விழுந்ததோடு அதெல்லாம் போய்விட்டது. உன் போனில் இருந்தால் தேதி தெரிகிற மாதிரி படம் பிடித்து அனுப்பு. சும்மா கேட்கவில்லை, 14,800 மலேசிய வெள்ளி விஷயம்.

ஏப்ரலில் ஒரு காலை, செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலைக்குப் போகிற வழியில் வண்டி இழுக்காமல் போனது. மிதித்தால் சத்தம்தான் வருகிறது, வேகம் வரவில்லை. அப்புறம் இஞ்சின் நின்றது, திரும்ப எடுக்கவே இல்லை. டோ பண்ணிக்கொண்டுபோய் வாங்கிய இடத்திலேயே விட்டேன். ஐந்து வருஷ வாரண்டியில் மூன்றாவது வருஷம், ஓடியது 58,000 கிலோமீட்டர்தான், அதனால் கவலையே படவில்லை. ஸ்கேன் போட்டதில் பி0087 என்று ஒரு கோடு வந்தது, டீசல் ரெயிலில், அதாவது பம்ப் அழுத்தி அனுப்புகிற டீசல் இஞ்செக்டர்களுக்குப் பிரிகிற குழாயில், அழுத்தம் போதவில்லை என்று அர்த்தமாம். இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டு ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள், இரண்டே வரி: எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கிறது, அது வாரண்டியில் சேராது. பம்ப், ரெயில், இஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நான்கு இஞ்செக்டர், குழாய்கள், டேங்க் கழுவுகிற கூலி எல்லாம் சேர்த்து 14,800. எந்தக் கம்பெனி, எந்தக் கடை என்று இங்கே எழுதவில்லை, உனக்குத் தெரியும்.

ஒரு பம்ப் போனதற்கு எதற்கு எல்லாவற்றையும் மாற்றவேண்டும் என்று சண்டை போட்டேன். அதில் மட்டும் அவர்கள் சொன்னது நியாயம் என்று பின்னால்தான் புரிந்தது. நம் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் கறுப்பண்ணன் டிராக்டர் பார்ப்பாரே, டீசல் தீர்ந்து காற்று பிடித்துக்கொண்டால் ஒரு ஸ்பேனரால் நட்டை லூஸ் பண்ணி, கையால் பம்ப் அடித்து, நுரை நின்றதும் இறுக்கி, பீடியை எடுத்துப் பற்றவைப்பார், வண்டி கிளம்பிவிடும். அந்தக் காலத்து இஞ்செக்டர் 200 பார் அழுத்தம் பக்கம் திறந்தால் போதும். இப்போதைய காமன் ரெயில் இஞ்சினில் 1,800, 2,000 பார் வரைக்கும் போகிறது. கார் டயரில் நாம் அடிக்கிற காற்று 2 பார்தான், ஒப்பிட்டுப் பார். அந்தப் பம்புக்குத் தனியாக மசகு எண்ணெய் கிடையாது, உள்ளே ஓடுகிற டீசலேதான் அதற்கு எண்ணெய். டீசலில் தண்ணீர் இருந்தால் இரும்பும் இரும்பும் உரசி, தூள் கிளம்பி, ரெயில் வழியாக இஞ்செக்டர் வரைக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். பம்பை மட்டும் மாற்றினால் மிச்சத் தூள் வேறு எங்காவது போய் அடைக்கும். சரி, அதை ஒப்புக்கொண்டேன்.

ஒப்புக்கொள்ளாதது அந்த இரண்டு வரியை. தண்ணீர் என்றால் எவ்வளவு தண்ணீர்? டேங்கில் எடுத்த சாம்பிள் எங்கே? எந்த லேபுக்கு அனுப்பினீர்கள்? கவுண்டரில் இருந்த பையன் முழித்தான். உள்ளே போய் வந்து, "டேங்கை ஏற்கனவே காலி பண்ணிவிட்டோம் அங்கிள்" என்றான். டெஸ்ட் ரிப்போர்ட்டும் கிடையாது, சாம்பிளும் கிடையாது, ஒரு ஃபோட்டோ மட்டும் உண்டு. பிளாஸ்டிக் போத்தலில் ஏதோ மங்கலாகத் தெரிகிறது, அது என் வண்டி டீசல்தானா என்று சொல்ல அதில் ஒரு நம்பர்கூட இல்லை.

வண்டியை அங்கிருந்து எடுக்கும் முன் ஒரு காரியம் செய்தேன், அதற்கு என் மருமகனைத்தான் பாராட்டவேண்டும். "மாமா, கழற்றின பம்பையும் ஃபில்டரையும் விட்டுவிடாதீங்க, எழுதி வாங்கிக்கிட்டுக் கொண்டுவாங்க" என்றார். தரமாட்டேன் என்றார்கள், அரைநாள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, கொடுத்துவிட்டார்கள். கோலசிலாங்கூரில் டீசல் பம்ப் மட்டுமே பார்க்கிற ஒரு சீனப் போமன், மெக்கானிக், இருக்கிறார், அவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே ஜிகினா தூவின மாதிரி மினுக்குகிறது. "தண்ணீர் போயிருந்தால் துரு இருக்கணும், பழுப்பாக. இங்கே துரு இல்லை, பளபளவென்று இருக்கு" என்றார். பம்ப் தானாகவே தேய்ந்திருக்கும் என்பது அவர் கணிப்பு. எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தார், கூலி வாங்க மறுத்துவிட்டார். நான் விடவில்லை, இரண்டு டுரியான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பி10 டீசல் போட்டதுதான் தப்பு, லிட்டருக்கு இருபது காசு கூடுதலாகக் கொடுத்து பி7 போட்டிருக்கவேண்டும் என்று வண்டி வாங்கிய கடையில் இன்னொருவர் சொல்லிப் பார்த்தார். டேங்க் மூடியின் உள்பக்கம் பி10 வரை போடலாம் என்று அவர்களே ஒட்டின தாள் இருக்கிறது, திறந்து காட்டினேன், பேச்சை மாற்றிவிட்டார். செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் பத்து சதவீதம் கலந்ததுதானே பி10. அது சாதா டீசலைவிடக் கொஞ்சம் அதிகமாக ஈரத்தை இழுக்கும் என்பது உண்மை. ஆனால் 2019-லிருந்து நாடு பூராவும் அதைத்தானே ஊற்றுகிறார்கள். நம் அப்பா அம்மா பால்மரத்தோடு மல்லாடினார்கள், நாம் செம்பனையோடு. நாம் வெட்டிய குலையே டேங்கில் போய் உட்கார்ந்து நம் பம்பைத் தின்றது என்று சொன்னால் சிரிக்கவா அழவா?

உனக்கு மட்டும் இன்னொன்று சொல்கிறேன். 2024 ஜூன் 10-ஆம் தேதி டீசல் விலை ஒரே ராத்திரியில் 2.15-லிருந்து 3.35-க்கு ஏறியதே, அதற்கு அடுத்த மாதம் மச்சான் வீட்டு டிரம்மிலிருந்து இருபது லிட்டர் வாங்கி ஊற்றினேன். பழைய விலையில் வாங்கி வைத்திருந்தார். எனக்கு இருபத்து நான்கு வெள்ளி லாபம். அந்த டிரம் மாட்டுக்கொட்டகை ஓரம், மழைச்சாரல் படுகிற இடத்தில் நிற்கும். டிரம்மின் அடியில் தண்ணீர் தங்கும் என்று கறுப்பண்ணன் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார், அடிவரைக்கும் உறிஞ்சாதே என்பார். அன்றைக்கு நான் எதுவரைக்கும் உறிஞ்சினேன் என்று இப்போது ராத்திரியில் யோசித்துக்கொண்டு படுத்திருக்கிறேன். அதற்கப்புறம் செப்டம்பரில் சர்வீஸ் போனது, ஃபில்டர் மாற்றினார்கள், சர்வீஸ் தாளில் தண்ணீர் என்று ஒரு எழுத்தும் இல்லை. பிப்ரவரியில் விளக்கு எரிந்தது, காட்டினேன், சென்சார் என்றார்கள். அந்த இருபது லிட்டர் ஒன்பது மாதம் பொறுத்திருந்தா பம்பை உடைத்தது? இருக்காது என்றுதான் நினைக்கிறேன். அடித்துச் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்காரி, "கேட்டால்கூட வாயைத் திறக்காதீங்க" என்கிறாள். மச்சானோ, பெர்மிட் இல்லாமல் டிரம்மில் வைத்திருந்த கதை வெளியே வந்துவிடுமே என்று பயந்து இந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. நானாகப் போய்ச் சொல்லமாட்டேன். தலைவர் நேராகக் கேட்டால் சொல்லிவிடுவேன், ஆனால் நிரூபிக்கவேண்டியது அவர்கள். விளக்கு எரிகிறது என்று வந்தவனை ஃபில்டரைத் திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டு, இரண்டு மாதம் கழித்துத் தண்ணீர் என்று அவன் தலையிலேயே போடுவது எந்த ஊர் நியாயம்?

தலைவர் என்றதும் நான் கோர்ட்டுக்குப் போய்விட்டேன் என்று நினைக்காதே. பயனீட்டாளர் தீர்ப்பாயம்தான், பொருள் வாங்கினவர்கள் கடைக்காரர் மேல் புகார் போடுகிற இடம். ஐந்து வெள்ளி கட்டணம், பாரம் 1, அவ்வளவுதான். 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், முன்பு 25,000 வரைதான் இருந்தது. பிரச்சினை வந்து மூன்று வருஷத்துக்குள் போடவேண்டும். இதில் எனக்குப் பிடித்தது, லாயர் வைத்துக்கொள்ள முடியாது, அவர்களும்தான். கம்பெனி தன் சம்பளக்காரர் ஒருவரை அனுப்பவேண்டும். பாரத்தை மருமகன் மலாயில் எழுதித் தந்தார். 1999-ஆம் வருஷத்துப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில், வாரண்டி அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும் என்று இருக்கிறது. அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

அவர்கள் பாரம் 2-இல் பதில் போட்டார்கள். படித்ததும் எனக்கு ரத்தம் ஏறிவிட்டது. வண்டியைத் தொழிலுக்குப் பயன்படுத்தியிருக்கிறார், குலை ஏற்றியிருக்கிறார், ஆகவே இவர் பயனீட்டாளரே அல்ல என்று ஒரு புது வாதம். மூன்று ஏக்கர், சேகர்! தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்த காசில் வாங்கின மூன்று ஏக்கர்! மாதம் இரண்டு தடவை குலை ஏற்றுவேன், மற்ற நாளெல்லாம் அதே வண்டியில்தான் பேத்தியைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறேன், கோயிலுக்குத் தண்ணீர்த் தொட்டி ஏற்றுகிறேன், உன்னைக் கல்யாணத்துக்குக் கூட்டிப்போகிறேன். சட்டத்தில் கேட்பது, சாதாரணமாக வீட்டுக்கு வாங்குகிற வகைப் பொருளா, மறுபடி விற்கத்தான் வாங்கினாயா என்பதுதான் என்று மருமகன் சொல்கிறார். லோரி என்றால் வம்பு, பிக்கப் என்றால் பேசிப் பார்க்கலாம் என்றார். விற்கும்போது அவர்கள் கொடுத்த விளம்பரத் தாளில் ஒரு குடும்பம் கடற்கரையில் நின்று சிரிக்கிறது. அதையும் ஃபைலில் வைத்துவிட்டேன்.

விசாரணை செப்டம்பரில், ஷா ஆலாமில். நீ வரவேண்டாம், முட்டியோடு அலையாதே. அந்த மெசேஜும், அன்றைக்கு விளக்கை நீ பார்த்தாய் என்று உன் கையால் நாலு வரியும் போதும். அவர்களின் சர்வீஸ் தாளில் "கஸ்டமர் புகார்: விளக்கு" என்று ஒரு வரி இருக்கிறது, ஆனால் எந்த விளக்கு என்று எழுதாமல் விட்டிருக்கிறார்கள். உன் எழுத்தில் அந்தப் புனல் இருந்தால் நல்லது.

மற்றபடி ஊரில் பெரிய விசேஷம் இல்லை. நம் லயத்து வீடுகளில் கடைசி வரிசையையும் இடித்துவிட்டார்கள், மாரியம்மன் கோயிலும் அந்த ஆலமரமும் மட்டும் நிற்கின்றன. பெரியசாமி அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் ஆகி, இப்போது எல்லோரையும் தூரத்திலிருந்தே பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், பழைய கடன்காரர்கள் ஒளிகிறார்கள். நான் அப்பா காலத்துக் கப்சாய் மோட்டார் சைக்கிளில்தான் போய்வருகிறேன், அது கார்புரேட்டர் வண்டி, எதை ஊற்றினாலும் இருமிக்கொண்டே ஓடுகிறது. வீட்டுப் பின்னால் ரம்புத்தான் இந்த வருஷம் கிளை ஒடிகிற அளவுக்குக் காய்த்திருக்கிறது, கப்சாயில் ஒரு கூடைக்கு மேல் ஏற்ற முடியவில்லை. சனிக்கிழமை பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன், உன் மகனை ஸ்டேஷனுக்கு அனுப்பு.

இப்படிக்கு,
மணியம்