இடது பக்கம் இழுக்கும் மஞ்சள் விமானம்

அன்பு ரவி,

உன் கடிதம் கிடைத்தது. மகனுடைய கணினியைப் பிடுங்கிக்கொண்டு நீ சிமுலேட்டரில் விமானம் ஓட்டுகிறாய் என்று வீட்டில் எழுந்திருக்கும் புகாரை என்னிடம் சொல்லிப் பயனில்லை, நான் உன் கட்சி. ரடர் பெடல் (வாலிலுள்ள சுக்கானைத் திருப்பும் கால்மிதி) வாங்கிவிட்டாய் என்பதுதான் மொத்தக் கடிதத்திலும் நல்ல சேதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். மழை முந்தாநாள்தான் விட்டது, வாசலில் இன்னும் தண்ணீர் நிற்கிறது.

போயிங் 737-ஐ எத்தனையோ முறை அழகாக இறக்கியவனை இந்தத் துணி போர்த்திய சின்ன பைப்பர் ஜே-3 கப் ஏன் ஓடுபாதையைவிட்டுப் புல்லுக்குள் தள்ளுகிறது என்று கேட்டிருந்தாய். 737-இல் உன் கால்களுக்கு வேலையே இருந்திருக்காது. ஜே-3 கப்பில் பாதி விமானம் காலில்தான் இருக்கிறது. வானத்தில் அதைவிடச் சாதுவான விமானம் கிடையாது. கஷ்டமெல்லாம் தரையில் ஓடும் அந்தப் பத்து விநாடியில். சிமுலேட்டர் "உதவி" என்ற பெயரில் மறைத்து வைப்பதும் சரியாக அந்தப் பத்து விநாடியைத்தான்.

அதனால் முதல் காரியம், உதவிகளை அணைப்பது. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் என்றால் அமைப்புகளில் ஆட்டோ ரடர், டேக்-ஆஃப் ரடர் உதவி போன்ற எல்லாவற்றையும் தேடி அணை. அதே மைக்ரோசாஃப்டின் பழைய சிமுலேட்டரான எஃப்எஸ்எக்ஸ் வைத்திருந்தால் ரியலிசம் பக்கத்தில் பி-ஃபேக்டர், டார்க், கைரோ (மூக்கை இடது பக்கம் இழுக்கும் விளைவுகள், பின்னால் சொல்கிறேன்) மூன்று பட்டைகளையும் வலது கோடிக்குத் தள்ளு. எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டரில் ஒரு சூட்சுமம் உண்டு: ரடருக்கென்று எந்தக் கட்டுப்பாட்டு அச்சையும் ஒதுக்காவிட்டால் அது தானாகவே ரடரைக் கவனித்துக்கொள்ளும். பெடல் செருகியிருப்பது போதாது, ரடர் அச்சாக ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பார். டெட் ஜோனை (மிதித்தும் பதில் வராத ஆரம்ப வீச்சு) இரண்டு மூன்று சதவீதத்துக்கு மேல் வைக்காதே. பத்து சதவீதம் வைத்தால் நீ மிதிக்கிறாய், ஒன்றும் நடக்காது, இன்னும் மிதிக்கிறாய், திடீரென்று எல்லாம் சேர்ந்து வரும். நீ எழுதியிருந்த "பாம்பு மாதிரி நெளிகிறது" என்பதற்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொரு பாதி, காட்சியின் அகலம். காக்பிட் முழுக்கத் தெரியட்டும் என்று ஜூமை நன்றாகக் குறைத்து வைப்பார்கள். அப்போது மூக்கு ஐந்து டிகிரி திரும்பினாலும் திரையில் அது நகம் அளவுதான் நகரும். கண்ணுக்குத் தெரியும்போது காரியம் கெட்டிருக்கும். எதிரே உள்ள மரம் இயல்பான அளவில் தெரியும்வரை ஜூமைக் கூட்டு, டேஷ்போர்டு பாதி மறைந்தாலும் பரவாயில்லை. அங்கே பார்க்கவும் பெரிதாக ஒன்றுமில்லை: ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை), வேகம், உயரம், காம்பஸ், எண்ணெய் அழுத்தம், எண்ணெய் வெப்பம், அவ்வளவுதான்.

அடுத்து எடை. தனியாக ஓட்டும்போது கப்பில் பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும், எடை மையம் அப்படி அமைந்திருக்கிறது. சிமுலேட்டரின் எடைப் பக்கத்தைத் திறந்து பார்: முன் இருக்கையில் ஆள் இருப்பதாகப் போட்டிருந்தால் அதைப் பூஜ்யமாக்கிவிட்டு, பின்னால் 170 பவுண்டு போடு. எரிபொருள் தொட்டி முன்னால், டேஷ்போர்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவில், 12 அமெரிக்க கேலன். மணிக்கு நாலு கேலனுக்குச் சற்று மேல் குடிக்கும். மொத்த எடை 1220 பவுண்டைத் தாண்டக்கூடாது. இழுப்பது 65 குதிரைச்சக்தி கான்டினென்டல் ஏ-65 ஒன்றுதான். இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வெயில் மத்தியானத்தில் புறப்பட்டால் மரங்களை அது எவ்வளவு யோசித்துத் தாண்டும் என்று பார்க்கலாம்.

எங்கே பழகுவது என்று கேட்டாய். பென்சில்வேனியாவில் லாக் ஹேவன் என்ற ஊரின் விமான நிலையத்தைத் தேர்ந்தெடு. பிராட்ஃபோர்டில் இருந்த கப் தொழிற்சாலை 1937-இல் எரிந்துபோன பிறகு வில்லியம் பைப்பர் இந்த ஊரில் ஒரு பழைய பட்டு மில்லுக்குக் குடிவந்தார். 1938 முதல் 1947 வரை இருபதாயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையில் ஜே-3 செய்தார்கள். பக்கத்தில் ஓடும் சஸ்குவஹான்னா ஆறு 1972-இல் ஏக்னஸ் புயலின்போது பொங்கித் தொழிற்சாலையை முழுக்காட்டியது தனிக்கதை. இன்றும் ஜூன் மாதத்தில் பழைய பைப்பர்கள் அங்கே கூடுகின்றன. நமக்கு லாபம் என்னவென்றால் ஆறும் மலையும் வழிகாட்டியாக இருப்பதால் வரைபடம் பார்க்காமலே சுற்றி வரலாம். புல் ஓடுபாதை கிடைத்தால் முதலில் அதிலேயே பழகு. தாரில் சக்கரம் பிடித்துக்கொள்ளும், கோணலாக இறங்கினால் உடனே திருப்பிவிடும். புல்லில் சற்று வழுக்கி மன்னிக்கும்.

இனி ஸ்டார்ட். கப்பில் பேட்டரி இல்லை, ஸ்டார்ட்டரும் இல்லை, ப்ரொப்பெல்லரைக் கையால் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். எரிபொருள் வால்வைத் திற. குளிர்ந்த இன்ஜினுக்கு ப்ரைமரை (இன்ஜினுக்குள் பெட்ரோல் பீய்ச்சும் கைப்பம்பு) மூன்று நான்கு முறை இழுத்து அழுத்திப் பூட்டிவிடு. பூட்ட மறந்தால் அதன் வழியே பெட்ரோல் கசிந்து இன்ஜின் கரடுமுரடாக ஓடும். த்ராட்டிலை (இன்ஜின் வேகத்தைக் கூட்டும் பிடி) ஒரு விரல்கடை மட்டும் திற, மேக்னெட்டோவை (தீப்பொறி தரும் கருவி, இரண்டு உண்டு) "இரண்டும்" நிலையில் வை, ஸ்டிக்கை (விமானத்தை ஓட்டும் கைக்கோல்) வயிற்றோடு சேர்த்துப் பிடி. ஓடத் தொடங்கியதும் எண்ணெய் அழுத்த முள்ளைப் பார். அரை நிமிடத்தில் ஏறாவிட்டால் அணைத்துவிடு. பிறகு 1500 ஆர்பிஎம்மில் மேக்னெட்டோக்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார். சுமார் 75 வரை இறங்கினால் சரி. கார்புரேட்டர் ஹீட்டை (கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடும் பிடி) இழுத்தாலும் ஆர்பிஎம் சற்று இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால் அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

தரையில் நகரும்போது மூக்கு முன்னால் எதையும் காட்டாது. இடமும் வலமுமாக வளைந்து வளைந்து போ, ஒவ்வொரு வளைவிலும் பக்கவாட்டில் எட்டிப் பார். கதவைத் திறந்துவைத்தே பறக்கலாம் என்பது கப்பின் தனிச்சுகம், எட்டிப் பார்க்கவும் வசதி.

ஓடுபாதையில் நின்றதும் உடனே த்ராட்டிலில் கை வைக்காதே. நின்ற நிலையில், மூக்கின் இரண்டு தோள்களும் அடிவானத்தை எந்த இடத்தில் வெட்டுகின்றன என்று பார்த்து மனசில் படம் பிடித்துக்கொள். இறங்கும்போது திரும்ப வர வேண்டிய படம் இதுதான். நடுவில் கேமராவின் உயரத்தை மாற்றினால் படம் பொய்யாகிவிடும், மாற்றாதே.

இப்போது த்ராட்டில். முழுவதும் திறக்க மூன்று நான்கு விநாடி எடுத்துக்கொள். ஸ்டிக் முதலில் பின்னால், வால் சக்கரம் தரையைக் கவ்வட்டும். இடது பக்கம் இழுக்கத் தொடங்கும். வால் தாழ்ந்திருக்கும்போது ப்ரொப்பெல்லரின் வலது பக்கம் இறங்கும் பிளேடு காற்றை அதிகக் கோணத்தில் வெட்டுகிறது, அது ஒரு காரணம். ப்ரொப்பெல்லர் தள்ளும் காற்று உடம்பைச் சுற்றி வந்து வாலின் இடப்பக்கத்தில் மோதுகிறது, அது இரண்டு. இன்ஜினின் முறுக்கு இடச் சக்கரத்தைத் தரையில் அழுத்துகிறது, மூன்று. இவற்றுக்கு வலது பெடலில் நிதானமான அழுத்தம் போதும். உன்னைப் புல்லுக்குத் தள்ளுவது நாலாவது. இருபது, இருபத்தைந்து மைல் வேகத்தில் நீ ஸ்டிக்கை முன்னால் தள்ளி வாலைத் தூக்குகிறாயே, அப்போது சுழலும் ப்ரொப்பெல்லர் பம்பரம் மாதிரி நடந்துகொள்கிறது. மேல்பகுதியை முன்னால் சாய்த்தால் அதன் விளைவு கால் சுற்று தள்ளி, வலப்பக்கத்தில் வெளிப்படும். வலப்பக்கம் முன்னால் போனால் மூக்கு இடது பக்கம்தானே திரும்பும்! எவ்வளவு வேகமாக வாலைத் தூக்குகிறாயோ அவ்வளவு பலமாகத் திரும்பும். ஆகவே வாலைத் தூக்காதே, அதுவாக எழும்ப விடு. எழும் அந்தக் கணத்தில் வலது பெடலைக் கொஞ்சம் கூட்டு. நாற்பது மைலை ஒட்டி விமானம் தானே தரையை விடும். 55 மைலில் ஏறு.

பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டே இருப்பதுதான் புதிதாகப் பழகுபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. ஒரு குத்து, உடனே விடு. மூக்கு நகர்வது நின்றதா என்று பார், தேவைப்பட்டால் இன்னொரு குத்து. மூக்கு நடுக்கோட்டுக்குத் திரும்பி வரும்வரை அழுத்திக்கொண்டிருந்தால் நிச்சயம் மறுபக்கம் போய்விடும்.

மேலே போனதும் 2100, 2150 ஆர்பிஎம்மில் வை. எழுபது, எழுபத்தைந்து மைலில் ஊர்வலம் போகும். 2300 சிவப்புக் கோடு. இங்கே ஒரே ஒரு பயிற்சி: தூரத்து மலையுச்சி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, மூக்கு அதைவிட்டு அசையாமல், இறக்கைகளை இடமும் வலமும் இருபது டிகிரி மாறி மாறிச் சாய். ஸ்டிக்கை மட்டும் சாய்த்தால் மூக்கு முதலில் எதிர்ப்பக்கம் ஓடுவதைக் காண்பாய். மேலே போகும் இறக்கையில் கீழிறங்கிய ஐலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) அந்த இறக்கையைப் பின்னால் இழுப்பதால் வரும் வினை அது. நிஜ விமானத்தில் பக்கவாட்டு வழுக்கலை நீ உட்கார்ந்திருக்கும் பின்பக்கமே உணர்த்திவிடும், நாற்காலியில் உனக்கு அந்த வசதி இல்லை. கப்பில் பெரும்பாலும் வழுக்கலைக் காட்டும் பந்துக் கருவியும் இல்லை. மலையுச்சிதான் உன் பந்து. தினம் பத்து நிமிடம் இதைச் செய்தால் காலும் கையும் சேர்ந்து வேலை செய்யப் பழகிவிடும்.

இறங்குவதற்கு வருகிறேன். ஓடுபாதைக்கு இணையாகப் பறந்து, இறங்கும் இடத்துக்கு நேர் எதிரே வந்ததும் முதலில் கார்புரேட்டர் ஹீட், பிறகுதான் த்ராட்டிலை மூடு. பெட்ரோல் ஆவியாவதாலும் குறுகிய வாயில் காற்று விரிவதாலும் கார்புரேட்டருக்குள் வெப்பம் சடாரென்று விழும். வெளியே இருபது டிகிரி இருந்தாலும் ஈரக்காற்றில் உள்ளே பனி கட்டும். பறக்கும்போது ஆர்பிஎம் காரணமில்லாமல் மெல்ல மெல்ல இறங்கினால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஹீட்டை இழுத்ததும் இன்ஜின் இன்னும் மோசமாக இருமும், பயந்து மூடிவிடாதே. உருகிய தண்ணீரை விழுங்கிவிட்டுத் தெளியும்.

வேகம் 60 மைல், கடைசியில் 55. ஸ்டால் (இறக்கை விமானத்தைத் தாங்குவதை விடுவது) 38-இல்தான், அவசரமில்லை. இதில் ஃபிளாப் (இறங்கும்போது இறக்கையிலிருந்து கீழே மடக்கும் பலகை) கிடையாது. உயரம் அதிகமென்றால் ஒரு இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப் பெடலை மிதித்துப் பக்கவாட்டில் சறுக்கு. சறுக்கும்போது வேகமானியை நம்பாதே, மூக்கின் உயரத்தைப் பார். இருபது அடியில் இறக்கத்தை நிறுத்தத் தொடங்கி, ஓரிரு அடி உயரத்தில் மிதக்க விடு. இனி தரையில் இறக்க முயலவே கூடாது. ஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழுத்து, "இறங்க விடமாட்டேன்" என்று பிடித்துக்கொண்டிரு. புறப்படும் முன் மனசில் பிடித்த படம் திரையில் வரும்போது மூன்று சக்கரமும் சேர்ந்து உட்காரும். ஒற்றைத் திரையில் உயரம் தெரியாது என்பாய், உண்மைதான். பார்வையை இடது முன்பக்கத்துக்குத் திருப்பு, ஓடுபாதையின் ஓரம் விரிகிற வேகத்தில் உயரம் தெரியும்.

ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளுகிறது என்றாயே, அது வேகத்தாலும் அவசரத்தாலும் வருவது. முன்சக்கரங்கள் முதலில் மோதும். எடை மையம் அவற்றுக்குப் பின்னால் இருப்பதால் வால் கீழே விழும். இறக்கையின் கோணம் கூடி விமானம் மறுபடி எழும்பும். அப்போது ஸ்டிக்கை முன்னால் தள்ளினால் அடுத்த துள்ளல் இன்னும் பெரிதாகும், மூன்றாவதில் ப்ரொப்பெல்லர் மண்ணைக் கொத்தும். சின்னத் துள்ளல் என்றால் மூக்கை அப்படியே பிடித்துக்கொண்டு கொஞ்சம் த்ராட்டில் கொடு. பெரிசு என்றால் முழு த்ராட்டில், திரும்பச் சுற்றி வா, வெட்கமில்லை.

தரை தொட்டதும் ஓய்ந்துவிடாதே. ஆட்டோ ரிக்‌ஷாவை வேகமாகப் பின்னோக்கி ஓட்டுவதாக நினைத்துக்கொள். இரண்டு சக்கரம் முன்னால் போகிறது, ஒற்றைச் சக்கரம் பின்னால் வருகிறது, கனமெல்லாம் அச்சுக்குப் பின்னால். சற்றுத் திரும்பினாலும் அந்தக் கனமே திருப்பத்தைப் பெரிதாக்கும். கப் வட்டமடிப்பது இதனால்தான். ஸ்டிக் வயிற்றில், கால்கள் ஓயாமல் அசைய, விமானம் முழுக்க நிற்கும்வரை கண் ஓடுபாதையின் கோடியில் இருக்கட்டும். பிரேக், நடை வேகத்துக்கு வந்த பிறகு. நிஜக் கப்பில் அது குதிகாலால் அழுத்தும் சின்ன மிதி, பலமும் குறைவு. உன் பெடலின் முனைப் பிரேக் அதைவிட முரடு, அதன் வீச்சைப் பாதியாகக் குறைத்து வை.

காற்றை முதல் இருபது இறக்கங்களுக்குப் பூஜ்யத்தில் வை. பிறகு நேர் எதிரே ஐந்து நாட் (காற்றின் வேக அலகு), அப்புறம் அதே ஐந்து நாட்டை முப்பது டிகிரி கோணத்தில். காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, அந்தப் பக்கத்துச் சக்கரத்தை முதலில் தொடவை. எந்தக் கட்டத்தில் சிக்கிக்கொள்கிறாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது. முடிந்தால் ஒரு இறக்கத்தைப் பதிவு செய்து, பக்கவாட்டிலிருந்து ஓடவிட்டுப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
சேது

பி.கு.: மூக்கின் மேல் ஒரு கம்பி ஆடுகிறதே, அது ஆண்டெனா இல்லை. தொட்டிக்குள் மிதக்கும் கார்க்கில் செருகிய கம்பி, மூடி வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதுதான் பெட்ரோல் மானி. கம்பி இறங்கி மூடியோடு உட்காரப் போகிறது என்றால் உடனே இறங்க இடம் பார்.