அறக்கொட்டிக் கணக்கு

கல்லடி, மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. பெரும்போகம் இப்படிக் கைவிடும் என்று நினைக்கவில்லை. "ரெண்டு தரம் மருந்தடிச்ச பிறகுதான்டா அறக்கொட்டி கூடினது" என்று, நெல்லில் சாறு உறிஞ்சும் அந்தத் தத்திப் பூச்சியைப் பற்றி நீ எழுதியதை நாலைந்து தரம் வாசித்தேன். கடைக்காரன் போலி மருந்தைத் தந்துவிட்டான் என்கிறாய். எனக்கென்னவோ மருந்து நன்றாக வேலை செய்ததுதான் பிரச்சினை என்று படுகிறது. கோபப்படாதே, கேள்.

முதலாம் உலகப் போரின்போது இத்தாலிக்கு அடுத்த ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடி குறைந்துபோனது. பியூமே துறைமுகச் சந்தைக்கு வந்த மீனில் சுறா, திருக்கை வகைகள் 1914இல் ஏறக்குறைய 12 வீதம். 1918இல் 36 வீதம். வலை குறைந்தால் எல்லா மீனும்தானே கூட வேண்டும்? டி அன்கோனா என்ற விலங்கியலாளர் குழம்பிப்போய் வருங்கால மாமனாரிடம் கேட்டார். மாமனார் வொல்தேரா பெரிய கணிதக்காரர்; 1926இல் இரண்டே சமன்பாட்டில் விடை சொன்னார். (நமக்கு வாய்த்த மாமாமார் வளவுக் கணக்கோடு நின்றுவிட்டார்கள்.)

இரை தன்பாட்டில் பெருகும், தின்னப்பட்டுக் குறையும். தின்கிறது இரையால் பெருகும், இரையில்லாவிட்டால் சாகும். இவ்வளவுதான் சமன்பாடு. ஆனால் நீண்டகாலச் சராசரியை எடுத்துப் பார், தலைகீழாக ஒன்று வரும். இரை எவ்வளவு மிஞ்சும் என்பதை அதன் பிறப்பு வீதம் முடிவுசெய்வதில்லை, அதைத் தின்கிறதன் இறப்பு வீதம்தான் முடிவுசெய்கிறது. ஆகவே இரண்டையும் ஒரே அளவில் கொன்றால் தின்கிறது குறையும், இரை கூடும். கொல்வதை நிறுத்தினால் மறுபக்கம்: சுறா கூடும்.

இப்போது வலை இருந்த இடத்தில் உன் மருந்தடிக்கும் மெசினை வை. சுறாவின் இடத்தில் அறக்கொட்டியைத் தின்னும் வயல் சிலந்தி. மருந்து ஆள் பார்த்துக் கொல்வதில்லை. அறக்கொட்டியின் முட்டையோ நெல்லின் தாளுக்குள்ளே பத்திரமாக இருக்கிறது. பொரித்து வரும்போது பிடித்துத் தின்ன ஆளில்லை. இந்தோனேசியாவில் இதே கூத்து நடந்து, 1986இல் நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளைத் தடைசெய்தார்கள்.

அதற்காகச் சமன்பாட்டை வேதவாக்காக எடுத்துவிடாதே. அதில் மழையில்லை, பக்கத்து வயலிலிருந்து பறந்து வருகிற தத்தியில்லை. நம் வாவியின் கொடுவாவுக்கும் இறாலுக்கும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். மாரியில் முகத்துவாரம் வெட்டியதும் என் கணக்கு கடலோடு போய்விட்டது. உன் வயலுக்கு அப்படி வாயில்லை, கொஞ்சம் பொருந்தலாம்.

சிறுபோகத்தில் ஒன்று செய். விதைத்து முதல் மாதம் மருந்துப் போத்தலைத் தொடாதே. மூலையில் ஒரு துண்டைக் கடைசிவரை மருந்தில்லாமல் விடு. வெள்ளிக்கு வெள்ளி இரண்டு பக்கத்திலும் ஒரு முழச் சதுரத்தில் தத்தி எத்தனை, சிலந்தி எத்தனை என்று எண்ணிக் கொப்பியில் எழுதிவை. மகனை எண்ணச் சொல்லு, உனக்குக் கண் சரியில்லை.

ஆகஸ்ட் லீவுக்குத் தம்பிலுவில் வருவேன். தங்கச்சியிடம் சொல், இறால் நான் கொண்டு வருகிறேன்.

உன் பழைய வாங்குத் தோழன்