கதவைச் சாத்திவிட்டுப் படத்தைப் போடுங்கள்

புதுச்சேரியில் பிரெஞ்சுப் படங்களைத் திரையிடும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். பிரெஞ்சு இயக்குநர் க்ளூஸோவின் ‘லே தியாபோலிக்’ (1955) படத்தை எப்போது திரையிட்டாலும், அதற்கு முன் இந்த மடலை ஒருமுறை படித்துவிடுங்கள்.

புவாலோ, நர்ஸெஜாக் இருவரும் 1952இல் எழுதிய நாவல்தான் இந்தப் படத்துக்கு மூலம். அதில், கணவனும் காதலியும் சேர்ந்து மனைவியைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள். க்ளூஸோ அதைப் புரட்டிப் போட்டார். படத்தில் மனைவியும் காதலியும் சேர்ந்து கணவனைக் குளியல் தொட்டியில் அமுக்குகிறார்கள். பிணம் பள்ளிக்கூட நீச்சல் குளத்துக்குப் போகிறது. குளத்தை வற்றவைத்தால் பிணத்தைக் காணோம். நோட்டீஸில் இவ்வளவு போதும், இதற்குமேல் ஒரு வரிகூட வேண்டாம். யாருக்கும் கதையைச் சொல்லிவிடாதீர்கள் என்று படமே கடைசியில் எழுத்துப் போட்டுக் கேட்டுக்கொள்கிறது.

தொடக்கத்தையும் முடிவையும் விட்டால் பின்னணி இசையே கிடையாது. தண்ணீர், கதவு, காலடி, இவைதான் பயமுறுத்துகின்றன. மின்விசிறி கடகடவென்று ஓடினால் பாதிப் படம் போச்சு. ஏசி இல்லாத கூடம் என்றால் மார்கழி, தை மாதங்களில் வையுங்கள். தொட்டியில் தண்ணீர் நிறையும் காட்சியை முன்கூட்டியே ஓட்டி, கடைசி வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். அந்தச் சத்தம் கதையில் மாடியில் குடியிருப்பவர்களுக்கே கேட்கிறது. நம் கடைசி வரிசைக்குக் கேட்காவிட்டால் ஒலியைக் கூட்டியே ஆகவேண்டும். படத்தின் மூல ஒலி மோனோ, அதாவது ஒரே தடத்தில் வருவது. ஒலியை நாலாபுறமும் பரப்பும் சரவுண்ட் எஃபெக்டை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் எதிரொலி சேர்ந்து சொட்டுச் சத்தம் கலங்கிவிடும்.

படத்தின் சட்டகம் அகலத்துக்கு உயரம் ஏறக்குறைய 4:3. இன்றைய அகலமான 16:9 திரைக்கு இழுத்தால் முகங்கள் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகிவிடும். பெரிதாக்கி நிரப்பினாலோ உயரத்தில் கால் பங்கு வெட்டுப்படும், சப்டைட்டிலும் கீழே மறைந்துபோகலாம். இரு பக்கமும் கறுப்பாகவே இருக்கட்டும், அது குறையல்ல.

கறுப்பைப் புரொஜெக்டரால் உண்டாக்க முடியாது; கூடம் எவ்வளவு இருட்டோ திரையும் அவ்வளவுதான் கறுக்கும். பிரெஞ்சுக்காரர் பகுதிப் பழைய வீடுகளின் மரச் சன்னல் பலகைகள் வழியே தெருவிளக்கு கசியும். கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். படத்தின் உச்சக்கட்டமே பள்ளிக்கூடத்தின் இருட்டுத் தாழ்வாரத்தில்தான் நடக்கிறது.

இடைவேளை விடவே கூடாது. பதற்றம் படிப்படியாக ஏறுகிற படம் இது. நடுவில் விளக்கைப் போட்டால் மொத்தமும் இறங்கிவிடும். படம் சுமார் 117 நிமிடம். 6:30க்குத் தொடங்கினால் எட்டரைக்குள் முடிந்து, கடலூர்க்காரர்களும் பஸ் பிடித்துவிடலாம். படம் தொடங்கியபின் யாரையும் உள்ளே விடாதீர்கள். 1955இல் பாரீஸ் தியேட்டர்களிலேயே அப்படித்தான் கதவைச் சாத்தினார்கள். தாமதமாக வருபவர்கள் கோபித்துக்கொள்வார்கள், அதனால் நேரத்தையும் இந்த விதியையும் நோட்டீஸிலேயே பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
புதுச்சேரி, கடலூர் ரசிகர்கள் சிலர்