துணியில் ஓர் ஆண்டெனா

அன்புள்ள நண்பா,

நலமா? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உன் மகளின் மதிப்பெண்ணைச் சொன்னதும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

என்ன வேலை ஓடுகிறது என்று கேட்டிருந்தாய். துணியில் ஆண்டெனா செய்துகொண்டிருக்கிறேன். இதயத் துடிப்பைக் கவனிக்கும் சட்டை ஒன்று. அது ப்ளூடூத் வழியாகப் போனுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். கனமான ஃபெல்ட் துணியின் உள்பக்கம் முழுக்க வெள்ளி பூசிய நைலான், வெளிப்பக்கம் அதே நைலானில் வெட்டிய ஒரு செவ்வகம். அவ்வளவுதான் ஆண்டெனா. உள்பக்கத் துணி, அலை உடம்புக்குள் போய் வீணாவதைப் பெருமளவு தடுக்கிறது.

அளவில்தான் உயிரே இருக்கிறது. ப்ளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸுக்குச் செவ்வகம் சுமார் 5 செ.மீ. நீளம் வேண்டும். அதில் 1 மி.மீ. கூடினாலே ஆண்டெனா வேலை செய்யும் அதிர்வெண் 50 மெகாஹெர்ட்ஸ் போல இறங்கிவிடும். ப்ளூடூத் புழங்கும் மொத்த இடமே 83.5 மெகாஹெர்ட்ஸ்தான்!

சரி, கச்சிதமாக வெட்டிவிட்டோம் என்றே வை. போட்டுக்கொண்டதும் எல்லாம் மாறும். முதலில் பருத்தியில் செய்தேன். காலையில் நன்றாக இருந்தது, வேர்த்ததும் அதிர்வெண் இடம் மாறிவிட்டது. பருத்தி எவ்வளவு ஈரம் இழுக்கும் என்பது என்னைவிட உனக்குத் தெரியும். தண்ணீரின் மின்காப்பு மாறிலி, அதாவது ஒரு பொருள் அலையை எவ்வளவு மெதுவாக்கும் என்று காட்டும் எண், 80 அளவில், ஃபெல்ட்டுக்கு ஒன்றரைகூட இல்லை. கொஞ்சம் ஈரம் போதும், அதிர்வெண் கீழே சரிய. பாலியஸ்டர் ஃபெல்ட்டுக்கு மாறியதில் பாதித் தொல்லை தீர்ந்தது. செவ்வகத்தின் நீளத்தைச் சட்டைக் கையின் நீளவாக்கில் வைத்ததும் வளைவால் வரும் மாற்றமும் குறைந்தது.

மீதிக்குத்தான் திருத்திக்கொள்ளும் வசதி. செவ்வகத்தின் ஓரத்தில் சின்ன மடிப்புத் துண்டுகள் வைத்து, பிரஸ் பட்டனால் சேர்த்தும் பிரித்தும் நீளத்தை மாற்றலாம். எளிய வழி, எனக்குப் பிடித்ததும்கூட. ஆனால் வேர்க்கும்போதெல்லாம் யார் பட்டனைத் தேடுவது? அதனால் ஓரத்தில் வராக்டர் டையோடு வைத்தேன், மின்னழுத்தத்தால் மாற்றக்கூடிய ஒரு குட்டி மின்தேக்கி மாதிரி. அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைக் கூட்டினால் அதன் மின்தேக்கம் குறையும், இறங்கிய அதிர்வெண் மேலே ஏறும். சட்டை தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். அளக்கும் கருவியின் திரையில் அதிர்வெண்ணைக் காட்டும் கோடு திரும்ப இடத்துக்கு வந்து நின்றதைப் பார்த்தபோது உனக்குப் போன் செய்யத் தோன்றியது, ராத்திரி இரண்டு மணி என்பதால் விட்டுவிட்டேன்.

டையோடைச் சூடு வைத்துப் பற்றவைத்தால் துணி சுருங்குகிறது. தைக்கத்தான் வேண்டும். செவ்வகத்தையே எம்பிராய்டரியாகப் போட்டால் என்ன என்று தோன்றுகிறது. அதற்கு உன் மெஷின் வேண்டும். வெள்ளி நூல் ஒரு கண்டு கூரியரில் அனுப்பியிருக்கிறேன். ஊசியில் கோத்தால் பிசிறு பிசிறாக அறுகிறது, பாபினில் சுற்றிக்கொள். மின்னோட்டம் நீளவாக்கில் ஓடும், தையலும் அப்படியே நெருக்கமாக ஓடட்டும். 50 மி.மீ.க்கு ஒன்று, 49க்கு ஒன்று, 48க்கு ஒன்று போட்டு அனுப்பு. அளந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்