வாக்கில்லாதவர் குரல்

ஆசிரியருக்கு,

அமெரிக்கக் குடியேற்றக் கொள்கை என்றாலே அதிபரின் பேச்சுதான் செய்தியாகிறது. செனட்டர் அலுவலகத்துத் தொலைபேசியையும் கவனிக்க வேண்டும். எடுக்கும் ஊழியர் அழைப்பவரின் ஊரையும் அஞ்சல் குறியீட்டையும் கேட்டு, ஆதரவா எதிர்ப்பா என்று குறித்துக்கொள்வார். வெளிமாநில அழைப்புக்கு அங்கே மதிப்புக் குறைவு. குடியேற்றத்தைக் குறைக்கக் கோரும் ‘நம்பர்ஸ்யூஎஸ்ஏ’ என்ற அமைப்பு இதைப் புரிந்துகொண்டு, உறுப்பினர்கள் தத்தம் செனட்டருக்கே இணையம் வழியே இலவசமாக ஃபேக்ஸ் அனுப்ப வழிசெய்தது. 2007 ஜூன் 28 அன்று அழைப்புகளின் பளு தாங்காமல் செனட்டின் தொலைபேசி இணைப்பகமே முடங்கியது. ஆவணமின்றிக் குடியேறியவர்களுக்குச் சட்ட அந்தஸ்து தர அதிபர் புஷ் ஆதரித்த மசோதா அன்று செனட்டில் இருந்தது. அதன் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 60 வாக்குகள் வேண்டும், கிடைத்தவை 46. மசோதா அன்றே செத்தது.

நிரந்தரமாக வசிக்க அனுமதிக்கும் கிரீன் கார்டில், ஆண்டுதோறும் ஒரு நாட்டவருக்கு 7 சதவீதம் என்ற வரம்பை எதிர்த்து இந்தியர்களும் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். வேலைவழிப் பிரிவில் அதை நீக்கும் மசோதா 2019-ல் பிரதிநிதிகள் சபையில் 365-65 என வென்றது. 2020 டிசம்பரில் செனட் வேறு வடிவத்தை ஏற்றது. இரண்டையும் ஒன்றாக்குமுன் அந்த நாடாளுமன்றத்தின் பதவிக்காலம் முடிந்துவிட்டது! கிரீன் கார்டு வரிசையில் நிற்பவருக்கு அங்கே வாக்கு இல்லை. குடியுரிமை பெற்ற உறவினரும் முதலாளியும் அவர்களுக்காகத் தொலைபேசியை எடுக்க வேண்டும்.

– வாசகர், திருச்சி